திகதி கடந்த மருந்து

(மருதமுனையில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



உங்கள் காரியதரிசி என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத் தந்து, "இதற்கு மட்டும் விடை சொல்லுங்கள், அது போதும்" என்று கேட்டுக்கொண்டார். கேள்வி சின்னதுதான். திகதி முடிந்த மருந்தைச் சாப்பிடலாமா, கூடாதா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லிலே விடையிறுத்துவிட்டு நான் அமர்ந்துவிடலாம். எந்தச் சொல்லைச் சொன்னாலும் உங்களிற் பாதிப்பேருக்கு அது பிழையான விடையாகவே முடியும். ஏனெனில், அட்டையிலே அச்சிட்டிருக்கும் திகதி சில மருந்துகளுக்கு மிகவும் முந்தியது; வேறு சில மருந்துகளுக்கு மிகவும் பிந்தியது. இவ்விரண்டையும் விளங்கவைப்பதுதான் இன்று எனக்குள்ள வேலை.

இந்தக் கேள்வி சும்மா பிறந்ததன்று. 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திவைத்தது. வைத்தியசாலையில் "மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்றார்கள். வெளியிலே பாமசிக்காரர் கையை விரித்தார். அப்பொழுதுதான் வீடுகளில் அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய பிஸ்கற் தகரங்கள் கீழிறங்கின. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கின்ற பிள்ளைகள் அனுப்பிய பொதிகளிலிருந்து பிரஷர் குளிசையும் சீனி வியாதிக் குளிசையும் பத்து, இருபது என்று வேலிக்கு மேலால் கைமாறின. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையிலே அரிசியும் தேங்காயும் கடன்போவதுபோல மருந்தும் போயிற்று. கொடுத்த மனம் நல்ல மனம். அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தகரங்களில் இருந்தவை என்ன நிலையில் இருந்தன என்பதுதான் கேள்வி.

முதலில், அந்தத் திகதி என்னவென்று பார்ப்போம். ஒரு கம்பனி புதிதாக ஒரு குளிசையைச் செய்தால், அதனைக் குறித்த வெப்பத்திலும் குறித்த ஈரப்பதனிலும் வைத்து, மாதங்கள் செல்லச்செல்ல எடுத்துச் சோதிக்கிறது. நம்முடையவை போன்ற சூடும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கென்றால் 30 பாகை வெப்பத்திலும் 75 வீத ஈரப்பதனிலும் சோதிப்பது வழக்கம். பெரும்பாலான மருந்துகளுக்கு, எழுதியிருக்கும் அளவில் 90 வீதத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அதாவது 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட குளிசையிலே 450 ஆவது இருக்கவேண்டும். இரண்டு அல்லது மூன்று வருஷம் சோதித்து, அதுவரைக்கும் குறையவில்லை என்று கண்டால் அந்தக் காலத்தையே அச்சிடுவார்கள். பத்து வருஷம் காத்திருந்து சோதிக்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்? பழையது கழிந்து புதியது விற்பனையாவதே அவருக்கு இலாபம்.

ஆகவே திகதி என்பது செய்தவன் தரும் ஓர் உத்தரவாதம். "பொதியை உடைக்காமல், நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன சூட்டில் வைத்தால் இந்த நாள்வரை நான் பொறுப்பு" என்கிறான். வாடகை உறுதி முடிந்த அன்றே வீடு இடிந்து விழுவதில்லை. மாதமும் வருஷமும் மாத்திரம் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரைக்கும் அவன் பொறுப்பு என்பதையும் இடையிலே சொல்லிவைக்கிறேன். முதலாம் திகதியே வீசிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

திகதி மிகவும் முந்தியது என்று சொன்னேனே, அதற்குச் சான்று அமெரிக்க இராணுவத்திடம் இருக்கிறது. யுத்தத்துக்கென்று கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான மருந்தை வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கிவைக்கும் அவர்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை எல்லாவற்றையும் அழிப்பதா என்று யோசித்து, 1986இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகத்தைக்கொண்டு சோதனை செய்விக்கத் தொடங்கினார்கள். 2006இல் வெளிவந்த அறிக்கையின்படி 122 வகை மருந்துகளில் 3005 தொகுதிகளைச் சோதித்ததில், 88 வீதமானவை திகதி கழிந்து குறைந்தது ஒரு வருஷமாவது பழுதின்றி இருந்தன. நீடித்துக் கொடுத்த காலம் சராசரியாக 66 மாதம். 2012இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இன்னொரு செய்தியை வெளியிட்டார்கள். ஒரு பழைய மருந்துக்கடையிலே, திகதி கழிந்து 28 முதல் 40 வருஷமாகத் திறவாது கிடந்த எட்டு மருந்துகள் அகப்பட்டன. அவற்றிலே சோதித்த 14 மருந்துப் பொருள்களில் 12 இன்னும் 90 வீதத்துக்குக் குறையாத பலத்தோடு இருந்தன. தோற்றவற்றில் ஒன்று அஸ்பிரின்.

இதைக் கேட்டதும் சிலர் முகத்திலே மகிழ்ச்சி தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கனுடைய குளிசை மூடி முத்திரையிட்ட போத்தலில், குளிர்ந்து உலர்ந்த களஞ்சியத்தில் உறங்கியது. நமது குளிசை எங்கே உறங்குகிறது? சீற் போட்ட கூரைக்குக் கீழே, அலுமாரியின் உச்சியிலே. பகல் ஒரு மணிக்கு அங்கே கையை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுப்படித் தட்டிலே, அதுவுமில்லாவிட்டால் முச்சக்கரவண்டியின் முன்பெட்டியிலே. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் இந்தக் கரையிலே உப்புப் போத்தலுக்குள் உப்பே நீராகிறது, அப்பளம் முறுகவில்லை, தறியிலே நூல் ஈரத்தை இழுக்கிறது என்பது நெசவு செய்யும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நூலைத் தேடிப்போகும் ஈரம் குளிசையை மாத்திரம் விட்டுவைக்குமா?

இனி, திகதி மிகவும் பிந்தியது என்ற பக்கத்துக்கு வருகிறேன். என் கருத்திலே நமக்கு ஆபத்து இந்தப் பக்கத்திலேயே கூடுதலாக இருக்கிறது. நாமோ மற்றப் பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போய் ஒரு மாதத்து மருந்து வாங்குகிறீர்கள். பெரிய கொள்கலத்திலிருந்து எண்ணி, சின்னஞ்சிறு கடதாசி உறையிலே போட்டு, காலையொன்று மாலையொன்று என்று குறித்துத் தருகிறார்கள். அந்த உறையிலே திகதி இருக்கிறதா? பெரும்பாலும் இராது. இருந்தாலும், உறை திறந்த கணத்திலேயே அதற்குப் பொருளில்லாமற் போய்விட்டது. செய்தவன் பொறுப்பேற்றது மூடிய கொள்கலத்துக்கு. கடதாசி உறைக்கு அன்று. ஒரு மாதத்துக்குள் உண்டு முடித்தால் பெரிய குறையில்லை. ஆனால் "டாக்டர் மாற்றித் தந்துவிட்டார், பழையது கிடக்கட்டும், பிறகு உதவும்" என்று அதே உறையைத் தகரத்துக்குள் போடுகிறோம். ஒரு வருஷம் கழித்து அதை எடுக்கும்போது அதன் பெயருந் தெரியாது, வயதுந் தெரியாது. இப்படிப்பட்ட உறைகளை ஐயத்துக்கு இடமின்றி வீசிவிடுங்கள்.

வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன் என்ற குளிசையை எடுத்துக்கொள்வோம். அதை ஈரமான இடத்தில் வைத்தால் இறுகிப்போய், வயிற்றிலே சரியாகக் கரையாமல், மூன்றிலொரு பங்குவரை பலனை இழக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிருவாகமே எச்சரித்திருக்கிறது. திகதிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்தபோதுதான் தெரியும். அப்போதும் நாம் குளிசையைக் குற்றஞ்சொல்லமாட்டோம். கண்ணூறு என்போம், குளிசையை நேரத்துக்குக் கொடுக்காத தாயைத் திட்டுவோம்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே வைக்கும் குளிசை இன்னும் மோசம். கிளிசரில் ட்ரைநைத்திரேற்று என்பது அதன் பெயர். அது கற்பூரம்போலக் காற்றிலே போய்விடும் சுபாவமுடையது. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலிலே, உள்ளே பஞ்சு வைக்காமல் வைத்திருக்கவேண்டும். திறந்து எட்டு வாரத்துக்குப் பிறகு புதிது வாங்கவேண்டும் என்பது வழக்கமான விதி. நம் பெரியவர்கள் சிலர் அதிலே இரண்டைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையிலே வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்காக அது வியர்வையிலே கிடக்கிறது. நடுச்சாமத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாக்கின் கீழே வைக்கும்போது அங்கே இருப்பது வெறும் சுண்ணாம்புக் கட்டிக்குச் சமானம். இந்தச் சபையிலே அப்படி வைத்திருப்பவர்கள் இருந்தால், பேச்சு முடியுமுன் எழுந்துபோய்ப் புதிது வாங்கினாலும் நான் குறைநினைக்கமாட்டேன்.

இன்சுலின் ஊசிமருந்தைக் குளிர்சாதனப் பெட்டியிலே வையுங்கள் என்பார்கள். உறைகிற தட்டிலே வைத்துவிட்டால் அது பழுது; பிறகு உருகினாலும் பாவிக்கக்கூடாது. பாவனைக்கு எடுத்த குப்பி ஏறக்குறைய நாலு வாரத்துக்கு உரியது. பெட்டி இல்லாத வீட்டார், ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சிறு சட்டியை இறக்கி, இடையிலே மணலை நிரப்பி, நீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி, உட்சட்டியில் மருந்தை நனையாமல் வைக்கலாம். ஆபிரிக்க நாடுகளிலே செய்கிறார்கள். கோடைக் காலத்தில் நன்றாகக் குளிர்விக்கும். மாரிக்காற்றிலே ஈரம் உலராதபடியால் பயன் குறையும்.

குழந்தைக்குத் தரும் அன்ரிபயோற்றிக் பாணியிலே அச்சிட்டிருக்கும் திகதி தூளுக்குரியது. தண்ணீர் கலந்தபின் அதன் ஆயுள் ஏழு நாள், சிலவற்றுக்குப் பதினாலு நாள். ஜீவனிப் பொதியும் அப்படியே. கரைத்தது இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மாத்திரம். கண்துளி மருந்து திறந்து ஒரு மாதம். இதிலே பலங் குறைவதைவிடக் கிருமி புகுவதே பயம்; கண்ணோடு விளையாடவேண்டாம்.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கண்ட சட்டம் என்று எண்ணாதீர்கள். மருந்துக்கு ஆயுள் உண்டு என்பதைச் சித்தவைத்தியம் வெகுகாலத்துக்கு முன்பே வகுத்துவைத்தது. குடிநீருக்கும் சாற்றுக்கும் மூன்று மணித்தியாலம், சூரணத்துக்கு மூன்று மாதம், நெய்க்கும் இளகத்துக்கும் ஆறு மாதம், எண்ணெய்க்கு ஒரு வருஷம், செந்தூரத்துக்கு எழுபத்தைந்து, பற்பத்துக்கு நூறு என்று கணக்கு. எண்கள் சரியா என்பதை ஆராய்ச்சி சொல்லட்டும். நான் பார்ப்பது அதற்குள் இருக்கும் எண்ணத்தை: ஈரம் உள்ளது சீக்கிரம் போகும், உலர்ந்தது நிற்கும், சுட்டு நீறாக்கியது நெடுநாள் நிற்கும். காலையிலே காய்ச்சிய கசாயத்தை மாலையில் ஊற்றிவிட்ட பெத்தாச்சிக்கும் மூத்தம்மாவுக்கும் இந்த நியாயம் தெரிந்திருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போன வருஷத்துப் பாணிப் போத்தலைக் குலுக்கிப் பார்த்துக் குழந்தைக்கு ஊற்றுகிறார்கள்.

போன கிழமை ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, பழசானா அது நஞ்சாகிப் போகுமா?" பெரும்பாலும் ஆகாது, ஐயா. பலங் குறையும், அவ்வளவுதான். விதிவிலக்காக எல்லாரும் சொல்வது ரெட்ராசைக்கிளின். 1963இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையிலே ஒரு கட்டுரை வெளிவந்தது. கெட்டுப்போன ரெட்ராசைக்கிளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, பின்னர் சுகமாயிற்று என்று அது சொல்லியது. பிற்காலத்திலே அந்த மருந்தின் சேர்மானத்தையே மாற்றிவிட்டார்கள். அஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து வினாகிரி மணக்கும்; மணத்தால் வீசிவிடுங்கள். ஆயினும் நஞ்சாகவில்லை என்பது பெரிய ஆறுதலன்று. நிமோனியாக் காய்ச்சலிலே கிடக்கும் பிள்ளைக்குப் பாதிப் பலமுள்ள அன்ரிபயோற்றிக்கைக் கொடுத்தால், பிள்ளைக்கு நோய் மாறாது. கிருமிக்கு மருந்து பழகிவிடும். மீதி அன்ரிபயோற்றிக் என்று ஒன்று வீட்டிலே இருக்கவே கூடாது, தந்ததை முடித்திருக்கவேண்டும்.

அப்படியானால் எதைத்தான் சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். உடையாத அட்டையிலே, உலர்ந்த இடத்திலே இருந்த பரசிற்றமோல், திகதி கழிந்து இரண்டு மூன்று மாதமானால், வளர்ந்த ஒருவர் தலையிடிக்கு விழுங்கிவிட்டுப் பயந்து ஓடவேண்டியதில்லை. தலையிடி மாறாவிட்டால் மாறவில்லை, அதோடு கதை முடிந்தது. உயிர் எந்த மருந்திலே தொங்குகிறதோ, அந்த மருந்திலே ஒரு நாளும் இந்தச் சலுகை கிடையாது. இருதயம், வலிப்பு, இன்சுலின், அன்ரிபயோற்றிக், கண்துளி, குழந்தை மருந்து ஆகியவை அந்த வகை. 2022 போன்ற காலம் திரும்பவும் வந்து, கையிலே பழைய பிரஷர் குளிசையைத் தவிர வேறொன்றுமில்லை என்றால்? நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம், நீங்களாகவே விழுங்கவும் வேண்டாம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். திடீரென்று நிறுத்தினால் கெடுதல் செய்யும் மருந்துகளும் உண்டு. எது அது என்று அவர்களுக்குத் தெரியும்.

பலமாகக் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அமெரிக்க இராணுவமே பாவிக்கிறதென்றால், திகதி கழிந்ததை இல்லாதவருக்குத் தானமாகக் கொடுத்தால் என்ன?

2004 டிசெம்பர் 26. இந்த ஊரிலே அந்தத் திகதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. அன்றைக்குப் பிறகு உலகம் நம் கரைக்கு மருந்து அனுப்பியது, நன்றியோடு நினைக்கிறோம். நம்மைப்போல அடிபட்ட இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் நடந்ததைக் கணக்கெடுத்தார்கள். இருபது இலட்சத்துக்குக் குறைந்த ஜனங்களுக்கு ஏறக்குறைய 4000 தொன் மருந்து வந்து இறங்கிற்று. அதில் 70 வீதம் அவ்வூரார் வாசிக்கமுடியாத மொழியிலே இருந்தது. 25 வீதத்தின் திகதி ஏற்கத்தகாதது. பொஸ்னியாவிலே 1992க்கும் 1996க்கும் இடையில் ஏறக்குறைய 17,000 தொன் பயனற்ற மருந்து குவிந்தது. அனுப்பிய நாட்டிலே அதை அழிப்பதற்குச் செலவு, கப்பலேற்றிவிட்டால் தருமம். 1996இல் உலக சுகாதார நிறுவனம் விதி வகுத்தது. தானமாக வரும் மருந்து வந்துசேரும்போது குறைந்தது ஒரு வருஷ ஆயுளாவது இருக்கவேண்டும். கொடுப்பவன் தன் நாட்டிலே ஏற்காததைப் பிறருக்குக் கொடுக்கலாகாது.

இராணுவம் ஒவ்வொரு தொகுதியையும் எடுத்துச் சோதித்துவிட்டுத் தன் சொந்த வீரனுக்குக் கொடுத்தது. நாம் சோதிக்கவில்லை. என் தலையிடிக்கு என் தகரத்துக் குளிசையை நான் எடுப்பது என் துணிவு. அது எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். வேலிக்கப்பால் கொடுக்கும்போது வாங்குகிறவருக்கு அது தெரியாது, கேட்கவும் வெட்கப்படுவார். கொடுப்பதானால் திகதி உள்ளதை, பெயர் தெரிகிற அட்டையோடு, டாக்டருடைய துண்டிலே அதே பெயரும் அதே அளவும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

வீசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையிலே ஒரு மோசடி வெளிப்பட்டது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலே கொட்டிய திகதி கழிந்த மருந்துகளைப் பொறுக்கி எடுத்து, பழைய திகதியை அழித்து, புதுத் திகதி குத்தி, மறுபடியும் கடைகளுக்கு விற்றிருக்கிறார்கள். பொலிசார் பலரைக் கைதுசெய்தார்கள். வழக்கு குற்றப்புலனாய்வுப் பிரிவுக்குப் போயிற்று. முழுதாக வீசிய அட்டை எந்தக் கையிலே போய்ச் சேரும் என்று வீசியவனுக்குத் தெரியாது. திகதி கழிந்ததை விற்பது நம் நாட்டிலும் குற்றமே. ஆதலால் வாங்கும்போது கடையிலேயே திகதியைப் பாருங்கள். வெட்டித் தந்த துண்டிலே திகதி இல்லாவிட்டால் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அழித்தெழுதியதுபோல் இருந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டிலே கழிப்பவற்றைக் கடலிலும் தோணாவிலும் கிணற்றடியிலும் கொட்டாதீர்கள். நமது நிலம் மணல். ஊற்று மேலேயே இருக்கிறது. இன்று கிணற்றடியில் கரைந்தது நாளைக்குக் குடத்திலே வரும். குளிசைகளை அட்டையிலிருந்து உடைத்தெடுத்து, தேயிலைச் சக்கையோடோ சாம்பலோடோ பிசைந்து, பையிலே கட்டிக் குப்பையோடு அனுப்புங்கள். வெறும் அட்டையைத் திகதியுள்ள இடத்திலே குறுக்காக வெட்டுங்கள். பாணிப் போத்தலின் பெயர்க்கடதாசியைக் கிழியுங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலிலே இட்டு மூடுங்கள். குப்பை அள்ளுகிறவருக்கும் கை இருக்கிறது.

வீட்டுத் தகரங்களைக் கொண்டுவரும்படி சங்கத்தார் முன்பே அறிவித்திருந்தார்கள். பலருடைய மடியிலே காண்கிறேன். வாசலருகே மேசையும் கத்தரிக்கோலும் ஒரு வாளி தேயிலைச் சக்கையும் வைத்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக் குளிசை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.